உப்புத் தண்ணி ஆவி நுரையீரலைக் கழுவுமா?



போன மாசம் எங்க காலேஜ் லேப்ல ஸ்பைரோமீட்டர் எக்ஸ்பெரிமென்ட் இருந்தது. மூச்சை முழுசா உள்ள இழுத்து, ஒரு குழாய்ல எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா ஊதணும். எவ்வளவு காத்து, எவ்வளவு வேகத்துல வெளிய வந்துச்சுன்னு மெஷின் சொல்லும். முடிஞ்சு வெளிய வந்ததும் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "டேய், சலைன் ஆவி புடிச்சுட்டு வந்து ஊதியிருந்தா நம்பர் ஏறியிருக்குமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அது சிரிக்கிற கேள்வி இல்லைங்க. எங்க வீட்டுல அதே கேள்வி ஒரு வருஷமா டிவிக்குப் பக்கத்துல ஒரு நெபுலைசர் ரூபத்துல உக்காந்திருந்தது.

அப்பா பல்லடம் பக்கத்துல ஒரு நூல் மில்லுல புளோரூம்ல வேலை பாக்கறார். தெரியாதவங்களுக்கு: பஞ்சு பேல் வந்து முதல்ல இறங்கற இடம் அதுதான். இறுக்கிக் கட்டின பஞ்சை அங்கதான் உடைச்சுப் பிரிச்சு, குப்பையைத் தட்டி எடுப்பாங்க. மில்லுலயே தூசி அதிகமா பறக்கற இடங்கள்ல அது ஒண்ணு. அப்பா அங்க இருபது வருஷத்துக்கு மேல. நெபுலைசர் தங்கச்சிக்காக வாங்கினது. சின்ன வயசுல அவளுக்கு வீசிங் இருந்தது, இப்ப இல்லை. சும்மா கிடந்த மெஷினை அப்பா எடுத்துக்கிட்டார். மெடிக்கல்ல சலைன் குப்பி வாங்கிட்டு வந்து, ஷிப்ட் முடிஞ்சு குளிச்சதும் பத்து நிமிஷம் மாஸ்க்கை மூஞ்சியில வெச்சு உக்காந்துருவார். கேட்டா, "நுரையீரலைக் கழுவறேன் சாமி" அப்படிம்பார்.

அவர் மட்டும் இல்லை. "உப்புத் தண்ணி ஆவி புடிச்சா பஞ்சு எல்லாம் கரைஞ்சு வந்துரும்"னு எங்க ஏரியாவுல நாலு பேராவது எங்கிட்ட சொல்லியிருக்காங்க. உண்மையா? தேடித் தேடிப் படிச்சதை இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஆவி வேற, நெபுலைசர் புகை வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். சட்டியில தண்ணி கொதிக்க வெச்சு, கல்லுப்பு ஒரு கை போட்டு, போர்வையைப் போத்தி ஆவி புடிக்கிறோம் இல்லையா? அதுல உப்பு உங்க மூக்குக்குள்ள போறதே இல்லை. தண்ணி மட்டும்தான் ஆவியாகும். உப்பு சட்டியிலயே இருக்கும்.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையே இல்லை. சாயப்பட்டறையில பருத்தித் துணிக்குச் சாயம் ஏத்த உப்பு வேணும். பருத்தி நூலுக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கும் தண்ணியில ஒரே மாதிரி மின்னூட்டம், ஒண்ணை ஒண்ணு தள்ளும். நடுவுல உப்பு வந்தாத்தான் சாயம் நூல்கிட்டப் போகும். கருப்பு, நேவி புளூ மாதிரி அடர்த்தியான கலருக்கு லிட்டருக்கு 70, 80 கிராம் வரைக்கும்கூடப் போடுவாங்க. அந்த உப்புத் தண்ணி நொய்யல்லயும் ஒரத்துப்பாளையம் அணையிலயும் என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரை வெளிய விடற சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அதுக்கப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளிய விடக்கூடாதுங்கற முறையிலதான் ஓட்டணும்னு ஆச்சு. அந்தச் சுத்திகரிப்பு நிலையங்கள்ல கடைசியா நிக்கிறது எவாப்பரேட்டர். அது என்ன பண்ணுது? தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆவியாக்குது, உப்பு அடியில தங்குது. ஆவியோட உப்பும் சேந்து பறந்துச்சுன்னா எவாப்பரேட்டர் வெச்சு என்ன புண்ணியம்? :-)

ஆக, சட்டியில போட்ட உப்பு நெஞ்சுக்குப் போகாது. சட்டி ஆவியால வர்ற பெரிய ஆபத்து சுடுதண்ணி கொட்டறதுதான். 2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில பல ஊர்ல பொது இடத்துல வரிசையா ஆவி பிடிக்க வெச்சாங்க, ஞாபகம் இருக்கா? அப்ப சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே அதைச் செய்ய வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.

நெபுலைசர் கதை வேற. அது கொதிக்க வைக்கறதில்லை. அழுத்தக் காத்தால தண்ணியை நுணுக்கமான துளிகளா உடைக்குது. ஒவ்வொரு துளிக்குள்ளயும் உப்பு இருக்கும். துளி 10 மைக்ரானுக்கு மேல இருந்தா மூக்கு, தொண்டையிலயே ஒட்டிக்கும். 1 முதல் 5 மைக்ரான் வரைக்கும் இருந்தா நுரையீரலோட சின்னக் கிளைக்குழாய் வரைக்கும் போகும். (தலைமுடி ஒண்ணோட தடிமன் சுமார் 70 மைக்ரான்.) அதனால அப்பா இழுக்கறது நிஜமாவே உப்பு. அது உள்ள போய் என்ன பண்ணுதுங்கறதுதான் கேள்வி.

மூணு வகை உப்புத் தண்ணி

நம்ம ரத்தத்துக்குச் சமமான உப்பு இருக்கிற தண்ணி ஒரு வகை. லிட்டருக்கு 9 கிராம், அதாவது 0.9 சதவீதம். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் பாட்டில் பக்கத்துல தொங்கற 'நார்மல் சலைன்' இதுதான். அப்பா வாங்கற குப்பியும் இதுதான்.

அதை விட உப்பு கூடுதலா இருக்கிறது ரெண்டாவது வகை. மருத்துவத்துல 3, 4.5, 7 சதவீதம்னு பயன்படுத்தறாங்க. கடல் தண்ணி சுமார் 3.5 சதவீதம். 7 சதவீதம்னா லிட்டருக்கு 70 கிராம். நேவி புளூ சாயத்தொட்டி அளவு உப்பு!

மூணாவது, உப்பே இல்லாத சுத்தமான தண்ணி. இதையும் ஆராய்ச்சிக்காக மனுசங்களை இழுக்க வெச்சிருக்காங்க.

மூச்சுக்குழாயோட உள்சுவர்ல ஒரு மெல்லிய திரவப் படலம் இருக்கு. ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கூட வராது. அதுக்கு மேல சளி. அந்தத் திரவத்துக்குள்ள நின்னுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல அசைஞ்சு, சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். தூசி, கிருமி எல்லாம் அந்தச் சளியில ஒட்டி மேல வரும். நாம கவனிக்காமலே முழுங்கிடுவோம். கழுவற வேலையை உடம்பு ஏற்கெனவே மூணு ஷிப்டும் பாத்துக்கிட்டு இருக்கு.

இதுல உப்பு கூடுதலான துளி போய் விழுந்தா? மாங்காய்த் துண்டுல உப்பு போட்டு வெச்சா தண்ணி விடுமே, அதேதான். சுவர்ல இருக்கிற செல்கள்ல இருந்து தண்ணி வெளிய வந்து படலம் தடிக்கும், சளி இளகும், இருமல் வரும், சளி வேகமா நகரும். 0.9 சதவீதம்னா ரெண்டு பக்கமும் சமம், அதனால பெருசா ஒண்ணும் நகராது.

ஊதற நம்பர்ல என்ன தெரியும்?

நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்பைரோமீட்டர்ல முக்கியமான எண், முதல் ஒரு விநாடியில எவ்வளவு காத்தை வெளிய தள்ளறோம்ங்கறது. நம்ம வயசுப் பையன்கள் பல பேருக்கு 3 லிட்டருக்கு மேல வரும். லண்டன்ல ஜான் ஹட்சின்சன்ங்கற டாக்டர் 1846லயே இந்த மாதிரி ஒரு மெஷின் செஞ்சு, ரெண்டாயிரத்துக்கும் அதிகமானவங்களை ஊத வெச்சு அளந்தவர். அப்ப இருந்து ஒரு விஷயம் மாறலை: ஒரே ஆள் அடுத்தடுத்து ஊதினாலும் எண் ஒரே மாதிரி வராது. அதனால நல்லா ஊதின ரெண்டு தடவைக்கு நடுவுல 150 மில்லி வரைக்கும் வித்தியாசம் இருந்தா ஏத்துக்கலாம்னு விதியே இருக்கு. லேப்ல எனக்கே மூணு தடவையும் மூணு எண். அதுல ரெண்டு எண்ணுக்கு நடுவுல எந்த ஆவியும் நான் புடிக்கலை.

ஆரோக்கியமான ஆள் 0.9 சதவீத சலைனை இழுத்துட்டு ஊதினா எண் மாறுமா? மாறாது. இது எவ்வளவு உறுதின்னா, ஆராய்ச்சிகள்ல 'ஒண்ணுமே கொடுக்காத மாதிரி' காட்டணும்னா கொடுக்கறதே இதைத்தான். ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க மெத்தகோலின்னு ஒரு மருந்தை இழுக்க வைக்கிற பரிசோதனை இருக்கு. அதுல முதல் சுற்று மருந்து கலக்காத வெறும் கரைசலைக் கொடுத்து, அந்த எண்ணையே அடிப்படையா எடுத்துக்கறது உண்டு.

4.5 சதவீத உப்பு? இதுவும் ஒரு ஆஸ்துமா பரிசோதனைதான். அரை நிமிஷம், ஒரு நிமிஷம், ரெண்டு, நாலு, எட்டுன்னு நேரத்தைக் கூட்டிக்கிட்டே இழுக்க வைப்பாங்க. மொத்தம் பதினஞ்சரை நிமிஷம். எண் 15 சதவீதம் இறங்கினா மூச்சுக்குழாய் எளிதா சுருங்குதுன்னு அர்த்தம். ஆரோக்கியமானவங்களுக்கு இருமல் வரும், தொண்டை எரியும், வாய் முழுக்க உப்புக் கரிக்கும். எண்ணோ அப்படியே இருக்கும், இல்லைன்னா கொஞ்சமா இறங்கி மறுபடி ஏறிடும். உப்பே இல்லாத தண்ணித் துளியும் அப்படித்தான்: ஆஸ்துமாக்காரங்களுக்குச் சுருக்கும், மத்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது.

ஏன் ஏறலை? அடைப்பு இருந்தாத்தானே எடுக்க முடியும்! வாய்க்கால்ல குப்பை அடைச்சிருந்தா, எடுத்ததும் தண்ணி பாயும். காலியா ஓடற வாய்க்காலைக் கழுவினா பாய்ச்சல் கூடாது. முதல் விநாடி எண்ணைத் தீர்மானிக்கிறது குழாயோட அகலமும் நுரையீரலோட மீள்விசையும் நாம போடற தம்மும்தான். நல்லா இருக்கிற நுரையீரல்ல அந்த மெல்லிய படலத்தை நனைச்சா இந்த மூணும் மாறாது. ஆகவே நண்பா, நீ ஒரு லிட்டர் சலைன் இழுத்துட்டு வந்தாலும் உன் நம்பர் அதேதான்.

அப்ப யாருக்குத்தான் உபயோகம்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பிறவி நோய். ஒரு மரபணுக் கோளாறால, செல்களோட சுவரைத் தாண்டி உப்பும் தண்ணியும் சரியா போய் வராது. சளி பசை மாதிரி ஆகிக் குழாயை அடைக்கும். ஆஸ்திரேலியாவுல இந்த நோய் இருந்தும் கடல்ல அலைச்சறுக்கு பண்றவங்களுக்கு நுரையீரல் கொஞ்சம் நல்லா இருக்கறதை டாக்டர்கள் கவனிச்சாங்க. கடல் துளியை இழுக்கறதாலயா இருக்குமோன்னு சந்தேகம் வந்து ஆராய்ச்சியா நடந்து, 2006ல முடிவு வெளியாச்சு. 164 நோயாளிகள், 48 வாரம், தினமும் ரெண்டு வேளை. பாதிப் பேருக்கு 7 சதவீத உப்பு, பாதிப் பேருக்கு 0.9. (இங்கயும் பாருங்க, 'ஒண்ணுமில்லாத' பக்கம் நம்ம நார்மல் சலைன்தான்!) ஒவ்வொரு தடவையும் முதல்ல குழாயை விரிக்கிற மருந்து கொடுத்துட்டுத்தான் உப்பு.

7 சதவீதம் இழுத்தவங்களுக்கு முதல் விநாடி எண் சராசரியா 68 மில்லி கூடுதலா இருந்தது. நான் லேப்ல ரெண்டு தடவை ஊதினதுக்கு நடுவுல வந்த வித்தியாசமே அதை விட அதிகம். ஆனா அவங்களுக்கு நோய் திடீர்னு முத்தற தடவைகள் பாதிக்கு மேல குறைஞ்சது. அது ரொம்பப் பெரிய விஷயம். அடைப்பு இருக்கிற நுரையீரலுக்கே எண்ணுல இவ்வளவுதான் ஏறும்னா, அடைப்பு இல்லாதவங்களுக்கு எங்க ஏறும்?

எண் மாறலைன்னா உள்ள ஒண்ணுமே நடக்கலைன்னும் சொல்லிட முடியாது. ஆரோக்கியமானவங்களுக்கும் உப்பு கூடின துளியால சளி வேகமா மேல நகருதுன்னு 1996ல வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டுச்சு. 2004ல அமெரிக்காவுல ஆரோக்கியமான 11 பேருக்கு ஆறு நிமிஷம் நார்மல் சலைன் கொடுத்துப் பாத்தாங்க. மூச்சு விடும்போதே நிறைய நுண்துளிகளை வெளிய விடறவங்க சில பேர் இருக்காங்க. அவங்க விடற துளி ஆறு மணி நேரத்துக்குச் சுமார் 72 சதவீதம் குறைஞ்சது. இதெல்லாம் சுவாரசியம்தான். ஆனா இதுல எதுவுமே 'பஞ்சுத் தூசியைக் கழுவி எடுக்கும்'ங்கற இடத்துக்குக் கிட்டக்கூட வரலை.

பஞ்சுத் தூசி உள்ள என்ன பண்ணுது?

எங்க ஏரியாவுல பஞ்சு நுரையீரல்ல போய் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குன்னு நினைக்கிறாங்க. கண்ணுக்குத் தெரியற பஞ்சு இழை பெரும்பாலும் மூக்குலயே நின்னுரும். பிரச்சனை கண்ணுக்குத் தெரியாத தூசியில. பருத்திச் செடியோட காய்ஞ்ச இலைத் துகள், அதுல வளர்ற ஒரு வகை பாக்டீரியாவோட சுவர்ல இருக்கிற எண்டோடாக்சின்ங்கற நச்சு, இதெல்லாம் கலந்தது அது. இது குழாயை அடைக்கிற குப்பை மட்டும் இல்லை, குழாய்ச் சுவரை வீங்க வைக்கிற நெருப்பு. குப்பையைக் கழுவலாம். வீக்கத்தை உப்புத் தண்ணியால கழுவ முடியாது.

இதால வர்ற நோய்க்குப் பேர் பிஸினோசிஸ். சணல், ஆளி நார் சீவறவங்களோட மூச்சுக் கஷ்டத்தை இத்தாலி டாக்டர் ரமாசினி முந்நூறு வருஷத்துக்கு முந்தியே எழுதி வெச்சார். 1950கள்ல இங்கிலாந்துல லங்காஷைர் மில்லுகளைப் பாத்த ஷில்லிங்ங்கற டாக்டர், நோயைப் படிப்படியா பிரிச்சார். முதல் படி: வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் மட்டும் நெஞ்சு இறுக்கும். அடுத்த படி: மத்த நாளும் இறுக்கும். கடைசிப் படி: நிரந்தரமா மூச்சுத் திறன் போயிடும். அங்க ஞாயிறு லீவு, அதனால 'திங்கட்கிழமை நோய்'னே பேர் வந்தது. நம்ம ஊர்ச் சட்டத்துக்கும் இது தெரியாத நோய் இல்லை. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துல, தெரிய வந்தா அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல பிஸினோசிஸும் இருந்தது.

இந்த நோயோட விசேஷம் இதுதான்: ஆரம்பத்துல தானாவே போயிடும். முதல் நாள் சாயங்காலம் இறுக்கும், தூசியை விட்டு வெளிய வந்து சில மணி நேரத்துல தளரும். ரெண்டாம் நாள் வராது. உடம்பு பழகிருச்சுன்னு நினைச்சுக்குவோம்.

அப்பாவோட திங்கட்கிழமை

இதைப் படிச்சப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. அப்பா எல்லா நாளும் ஆவி புடிக்கறதில்லை. அம்மாகிட்ட கேட்டேன். "லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான்டா தவறாம புடிப்பார். மத்த நாள் ஞாபகம் வந்தாத்தான்" அப்படின்னாங்க. அப்பா மில்லுல வார லீவு ஆளுக்கு ஒரு நாள். அப்பாவுக்குப் புதன். அதனால எங்க வீட்டுத் திங்கட்கிழமை வியாழக்கிழமை!

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது மெதுவா கேட்டேன். "ஏனுங்கப்பா, வியாழக்கிழமை நெஞ்சு ஏதாச்சும் இறுக்குங்களா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கயிறு கட்டின மாதிரி இருக்கும். ஆவி புடிச்சா ஒரு மணி நேரத்துல சரியாயிரும். அதுக்குத்தான புடிக்கறது" அப்படின்னார். ரொம்ப நாளா அப்படித்தானாம். எங்க யார்கிட்டயும் சொன்னதில்லை. தங்கச்சி படிப்பு, என் பீஸ், இதுக்கு நடுவுல இதை எதுக்குச் சொல்லறதுன்னு விட்டுட்டாராம்.

தூசியை விட்டு வெளிய வந்தா தானா தளர்ற இறுக்கத்துக்கு, பேர் மட்டும் மெஷினுக்குப் போயிருச்சு. கடிகாரம் பண்ணின வேலைக்கு ஆவி சம்பளம் வாங்கிட்டு இருந்தது. இதுல உப்பு எந்தக் கெடுதலும் பண்ணலை. ஆனா "மருந்துதான் இருக்கே"ங்கற தைரியத்துல, உடம்பு வாரம் தவறாம அடிச்ச மணியை அப்பா மணின்னே எடுத்துக்கலை. எனக்குப் பயம் வந்தது அங்கதான்.

அமெரிக்காவுல 1978ல பஞ்சுத் தூசிக்கு ஒரு விதி கொண்டு வந்தாங்க. நூற்பு வேலையில ஒரு கன மீட்டர் காத்துல 200 மைக்ரோகிராம் தூசிக்கு மேல கூடாது. அதோட, லீவு முடிஞ்சு வர்ற முதல் நாள் ஷிப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் தொழிலாளியை ஊத வெச்சுப் பாக்கணும். 5 சதவீதமோ 200 மில்லியோ இறங்கியிருந்தா, மத்த எண் நல்லா இருந்தாலும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி பாக்கணும். ஒரு தடவை ஊதினா போதாது, எந்த நாள், எந்த நேரம் ஊதினாங்கங்கறது முக்கியம்னு இதுல இருந்து புரிஞ்சது.

அப்பாவை ஒரு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். வர மாட்டேன்னுதான் சொன்னார். "நம்பர் நல்லா வந்தா ஆவி மெஷினைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேனுங்க"ன்னு நான் பந்தயம் கட்டினதுக்கப்புறம்தான் கிளம்பினார். ஊதினார். மருந்து கொடுத்துட்டு மறுபடி ஊத வெச்சாங்க. வயசுக்கும் உயரத்துக்கும் வர வேண்டியதை விடக் குறைவுதான். இப்பத்திக்கு மோசம் இல்லை, ஆனா இதே தூசியில தொடர்ந்தா இறங்கும்னு டாக்டர் சொன்னார். சீனாவுல ஷாங்காய் மில்லுகள்ல 1981ல ஆரம்பிச்சு, பருத்தித் தொழிலாளிகளையும் பட்டுத் தொழிலாளிகளையும் வருஷக்கணக்காத் தொடர்ந்து பாத்தாங்க. பருத்தியில இருந்தவங்களுக்குத்தான் மூச்சுத் திறன் வேகமா குறைஞ்சது. தூசியை விட்டு விலகினவங்களுக்கு நிலைமை கொஞ்சம் தேறுச்சு. டாக்டர் சொன்னதும் அதேதான்: மருந்து ரெண்டாவது, முதல்ல இடத்தை மாத்துங்க.

அப்பா டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சலைன் வெக்கலாமுங்களா?"

"வெச்சா தப்பில்லை. ஆனா அது உங்களைக் காப்பாத்தும்னு நினைச்சுட்டு புளோரூம்ல நிக்காதீங்க" அப்படின்னார்.

இப்ப அப்பா கோன் வைண்டிங் பக்கம் மாத்திக் கேட்டிருக்கார். சூப்பர்வைசர் பாக்கலாம்னு சொல்லியிருக்கார். அது வரைக்கும் துணியைக் கட்டிக்காம, வடிகட்டற மாஸ்க் போட்டுட்டுப் போறார். புழுக்கத்துல அதைப் போட்டுட்டு எட்டு மணி நேரம் வேலை பாக்கறது லேசு இல்லைங்க. நான் வீட்டுல ஒரு மணி நேரம் போட்டுப் பாத்தேன், தெரிஞ்சது.

கடைசியா சில விஷயம்

மில்லோ தறிக்குடோனோ, தூசியில வேலை பாக்கற யாராவது உங்க வீட்டுல இருந்தா, இதை மட்டும் கேளுங்க: "லீவு முடிஞ்சு போற முதல் நாள் நெஞ்சு இறுக்குதா? மத்த நாளை விட அன்னைக்கு இருமல் ஜாஸ்தியா?" ஆமான்னா ஒரு தடவை ஸ்பைரோமெட்ரி எடுக்கச் சொல்லுங்க. எந்த வேலை, எத்தனை வருஷம்னு டாக்டர்கிட்ட அவங்களையே சொல்லச் சொல்லுங்க. கேட்காம விட்டா டாக்டருக்கும் தெரியாது.

தூசியைக் குறைக்கிற வழி எல்லாம் மூக்குக்கு வெளியதான் இருக்கு. தூசி கிளம்பற இடத்துலயே உறிஞ்சி எடுக்கிற குழாய், கம்ப்ரஸர் காத்தை அடிச்சு மெஷினைச் சுத்தம் பண்றதுக்குப் பதிலா உறிஞ்சற மெஷின், பெருக்கும்போது தூசி பறக்காம பாத்துக்கறது. பீடி, சிகரெட் இருந்தா அதை விடறது. தூசியும் புகையும் சேந்தா சேதம் இன்னும் அதிகம்.

நெபுலைசர் வெச்சிருக்கிறவங்க வீட்டு உப்பைக் கரைச்சு ஊத்தாதீங்க. நம்ம ஊர் போர்த் தண்ணியை ஊத்தவே ஊத்தாதீங்க. துளி நேரா நுரையீரலோட அடி வரைக்கும் போகுது, கிருமி இல்லாத சீல் வெச்ச குப்பி மட்டும்தான் போடணும். கப்பையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவிக் காய வைக்கணும். ஆஸ்துமா இருக்கிறவங்க 3, 7 சதவீதம்னு கூடின உப்பை டாக்டர் இல்லாம தொடவே கூடாது, குழாய் சுருங்கிடும்.

நெபுலைசர் இப்பவும் வீட்டுல இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவை முதல்ல ஒரு சின்ன ஊதற மீட்டர்ல ஊத வெச்சு, எண்ணைத் தங்கச்சி காலண்டர்ல எழுதறா. அதுக்கப்புறம் அவர் ஆவி புடிக்கறதும் புடிக்காததும் அவர் இஷ்டம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பயோமெடிக்கல் படிக்கிற பையன். இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ வேண்டாம். ஊதிப் பாருங்க, அவ்வளவுதான்.